ஹொண்டா சீடி 125: இரண்டாம் கியர் விழவில்லை என்றால் எஞ்சினைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

திருகோணமலைச் சாம்பல்தீவிலிருந்து வந்த கேள்வி, 12.01.2024

“ஐயா, என் மாமாவின் பழைய ஹொண்டா சீடி 125 பல வருடங்கள் கொட்டிலில் கிடந்தது. கார்புரேற்றரைக் கழுவிப் புதுப் பிளக் போட்டதும் இரண்டு உதையில் ஸ்டார்ட் ஆகிறது. முதலாம் கியர் பெரிய சத்தத்துடன் விழுகிறது. இரண்டாவதுக்கு மாற்றினால் சில வேளை விழுகிறது, சில வேளை இடையில் நின்று எஞ்சின் அலறுகிறது. சந்தியில் நிறுத்தினால் நியூட்ரல் கிடைப்பதே இல்லை, எஞ்சினை நிறுத்தித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. கராஜில் காட்டினேன். கியர்ப்பெட்டி முடிந்துவிட்டது, எஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். பிரிக்கத்தான் வேண்டுமா?”

12.01.2024, இரவு

தம்பி, பிரிக்க வேண்டாம். நான் அடுத்தடுத்து எழுதப்போகும் சில சோதனைகளுக்கு விடை கிடைக்கும்வரை அந்த எஞ்சினில் யாரையும் ஸ்பானர் வைக்க விடாதீர்கள்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடமும் சீடி 125தான் இருக்கிறது. அப்பா வாங்கியது, 124 சீசீ, இரட்டைச் சிலிண்டர், நான்கு கியர். 1996இல் அதற்கும் இதே வியாதி வந்தது. ஒரு கராஜில் கொடுத்தேன். அவர்கள் கிளட்ச் பிடியை ஒருமுறைகூட அழுத்திப் பார்க்காமல் எஞ்சினை இறக்கி, இரண்டாகப் பிரித்து, பல்லுச் சக்கரங்களையெல்லாம் சீமெந்துப் பைக் கடதாசியின்மேல் பரப்பி வைத்துவிட்டு, எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். திரும்பப் பூட்டிய பிறகும் கியர் முன்போலவே அடம்பிடித்தது. அதுவரை ஒரு சொட்டு ஒயில் கசியாத எஞ்சின் அடிப்பக்கத்தில் கசியவும் தொடங்கியது.

மூன்று வாரங்கள் கழித்து உப்புவெளியில் கிளட்ச் கேபிள் தானாகவே அறுந்தது. அறுந்த முனையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கேபிளின் நுனிக் குண்டுக்குள் கம்பி நுழையும் இடத்தில், பாதிக்கும் மேற்பட்ட இழைகள் எப்போதோ அறுந்து, துருவேறி, தேய்ந்த விளக்குமாற்றின் நுனிபோல விரிந்து நின்றன. எஞ்சியிருந்த சில இழைகள்தான் அவ்வளவு காலமும் நீண்டு கொடுத்துக்கொண்டிருந்தன. நான் பிடியை முழுவதுமாக இழுத்தபோதெல்லாம் கிளட்ச் பாதிதான் விட்டிருக்கிறது. புதுக் கேபிள் போட்ட அன்றே நான்கு கியரும் ஒழுங்காக விழுந்தன.

உங்களுடையதும் கிளட்ச்தான் என்பது என் கணிப்பு. நியூட்ரல் கிடைக்கவில்லை, எஞ்சினை நிறுத்தினால் கிடைக்கிறது என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியே போதும். கிளட்ச் முழுவதும் விடாவிட்டால், ஓடும் எஞ்சின் கியர்ப்பெட்டியை இழுத்துக்கொண்டே இருக்கும்.

13.01.2024

முதற் சோதனை. வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி எஞ்சினைச் சூடாக்குங்கள். நடு ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சில்லு நிலத்தில் முட்டாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டார்ட் செய்து, கிளட்ச்சை முழுவதும் இழுத்து, முதலாம் கியரைப் போடுங்கள். கிளட்ச் முழுவதும் விட்டிருந்தால் சில்லு நிற்க வேண்டும். சுழன்றால் கிளட்ச் விடவில்லை.

கையால் சில்லைப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. செய்யாதீர்கள், கம்பிக்குள்ளும் செயினுக்குள்ளும் விரல் போகும்.

15.01.2024

பொங்கல் வேலைகளுக்கு நடுவே முன்குறிப்பைத் திரும்ப வாசித்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது, திருத்துகிறேன். சில்லு சுழன்றாலே கிளட்ச் பழுது என்று எழுதியது சரியல்ல. இந்த எஞ்சின்களில் கிளட்ச் ஒயிலுக்குள் முழுகி வேலை செய்கிறது. பிளேட்டுகளுக்கு நடுவிலுள்ள ஒயில் சிறிது ஒட்டிப் பிடிப்பதால், நல்ல கிளட்ச்சிலும் சில்லு மெதுவாகச் சுழலும். குளிர்ந்த எஞ்சினில் சற்றுக் கூடுதலாகவே சுழலும். ஆகவே பின் பிரேக்கை மெல்ல மிதித்துப் பாருங்கள். சில்லு உடனே நின்று, எஞ்சினின் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் கிளட்ச் நலம். பிரேக் பிடிக்கும்போது எஞ்சின் இறங்கித் திணறினால், கிளட்ச் இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது.

18.01.2024

தம்பியின் பதில் வந்தது. பிரேக்கை மிதித்தபோது எஞ்சின் நின்றே போய்விட்டதாம்.

அப்படியானால் முதலில் கேபிள். கிளட்ச் பிடியின் நுனியில், கேபிள் இறுகத் தொடங்கும்வரை உள்ள வெறும் ஆட்டம் 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை இருக்க வேண்டும் என்பது பழைய ஹொண்டாக்களுக்குப் பொதுவான அளவு. தம்பி அளந்து பார்த்ததில் 40 இருக்கிறது. இது மிக அதிகம். பிடியின் பயணத்தில் பெரும்பகுதி வெறும் தளர்வை எடுப்பதற்கே செலவாகிவிடுகிறது. பிளேட்டுகளைப் பிரிக்க மீதியில்லை.

கேபிளை இறுக்குமுன் பிடி பூட்டியிருக்கும் ஆணியைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஓட்டை வட்டமாக இருக்க வேண்டும். திருகோணமலையில் கடற்கரையோரம் ஓடிய வண்டிகளில் அது பெரும்பாலும் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும், உப்புக் காற்று கிறீஸை உலர்த்தி மணலை ஒட்டவைத்து அரைத்துவிடுகிறது. அப்படித் தேய்ந்திருந்தால் கேபிளை எவ்வளவு இறுக்கினாலும் சில மில்லிமீற்றர் வீணாகும்.

இன்னொன்று: கேபிளை ஒரு முனையில் தூக்கிப் பிடித்து, மேல் முனையில் ஒரு பிளாத்திக்குப் பையைப் புனல்போலக் கட்டி, மெல்லிய ஒயிலை விட்டு, இரவு முழுவதும் தொங்கவிடுங்கள். காலையில் கீழ்முனையில் சொட்டுவது தெளிவாக இருக்கும்வரை விடவேண்டும். முதலில் வருவது தேநீர் நிறத்தில் வரும், அது துரு.

20.01.2024

கேபிளைச் சரிசெய்த பிறகு நியூட்ரல் கிடைக்கிறதாம். முதலாம் கியர் விழும் சத்தமும் பாதியாகிவிட்டதாம். ஆனால் இரண்டாவதில் ஒரு மாற்றமும் இல்லை.

நான் மகிழ்ச்சியோடு வாசிக்கத் தொடங்கி, கடைசி வரியில் நின்றுவிட்டேன். கிளட்ச்தான் என்று அடித்துச் சொன்னவன் நான். கிளட்ச் பழுதாகத்தான் இருந்தது, அதில் சந்தேகமில்லை. ஆனால் தம்பி கேட்டது இரண்டாம் கியரைப் பற்றி. நான் என் 1996 அனுபவத்தை அவருடைய வண்டிக்குள் வைத்துப் பார்த்திருக்கிறேன்.

21.01.2024

எஞ்சினை நிறுத்திவிட்டு அடுத்த சோதனை. அதற்கு முன், கியர் விழுதல் என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைச் சொல்லாமல் அந்தச் சோதனை விளங்காது.

இந்தக் கியர்ப்பெட்டியில் பல்லுச் சக்கரங்கள் எல்லாம் சோடி சோடியாக எப்போதும் ஒன்றோடொன்று பொருந்தியே சுற்றுகின்றன. நாம் கியர் மிதியை அழுத்தும்போது பற்கள் புதிதாகப் போய்ப் பொருந்துவதில்லை. ஒரு சக்கரம் தண்டின்மேல் பக்கவாட்டில் நகர்ந்து, அதன் விலாவில் புடைத்து நிற்கும் நாலைந்து தடித்த பற்களால் பக்கத்துச் சக்கரத்தைக் கொளுவிக்கொள்கிறது. அவ்வாறு நகர்த்துவது கவை வடிவான ஓர் இரும்பு. கவையை நகர்த்துவது வளைந்த பள்ளங்கள் வெட்டிய ஓர் உருளை. உருளையை ஒவ்வொரு படியாகத் திருப்புவது, நம் மிதியின் தண்டு முனையிலுள்ள கொக்கி. உருளை ஒவ்வொரு படியிலும் தளும்பாமல் நிற்பதற்கு, ஸ்பிரிங் அழுத்தும் ஒரு சிறு உருள்சில்லு அதன் விளிம்பிலுள்ள குழிகளில் விழுந்து உட்கார்கிறது.

ஆகவே நிறுத்திய வண்டியில் கியர் விழவில்லை என்று பயப்படக்கூடாது. விலாப் பற்கள் நேருக்கு நேர் முட்டிக்கொண்டு நின்றால் எந்த நல்ல கியர்ப்பெட்டியும் விழாது. வண்டியை முன்னும் பின்னும் ஒரு சாண் தள்ளிக்கொண்டே மிதியை அழுத்த வேண்டும். அப்படித் தள்ளும்போது நான்கு கியரும் தட்டில்லாமல் ஏறி இறங்கினால் கொக்கி, உருளை, கவை சேர்ந்த தெரிவுப் பொறி ஏறத்தாழ நலம், பழி கிளட்ச்சின்மேல்தான். அப்போதும் இடையில் தவறினால் பழி மிதிக்கும் உருளைக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது.

அத்துடன் ஒரு கேள்வி, தம்பி. மூன்றாவதும் நான்காவதும் எப்படி விழுகின்றன? இதை நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

23.01.2024

பதில்: தள்ளிப் பார்க்கும்போதும் இரண்டாவது சில வேளை தவறுகிறது. மூன்றாவதும் சில வேளை அப்படித்தான். கியரைக் குறைக்கும்போது ஒருபோதும் தவறவில்லை.

இது பெறுமதியான தகவல். ஒரு கியரில் மட்டும் குறை என்றால் அந்தக் கியரின் சக்கரத்தையோ கவையையோ சந்தேகிக்கலாம். கூட்டும் திசை முழுவதிலும் குறை, குறைக்கும் திசையில் குறையே இல்லை என்றால், எல்லாக் கியருக்கும் பொதுவான ஒன்று ஒரு திசையில் மட்டும் முழுத் தூரம் பயணிக்கவில்லை என்று பொருள். பொதுவானவை மிதி, தண்டு, கொக்கி, மிதியை நடுவுக்குத் திருப்பும் மீள்ஸ்பிரிங். இவற்றில் எதற்கும் எஞ்சினைப் பிரிக்கத் தேவையில்லை. எஞ்சினின் வலப்பக்கக் கவரைக் கழற்றினால் போதும்.

ஆனால் கவருக்கும் முன்னால் மிதி. யாராவது மிதியைக் கழற்றி ஒரு பல்லு மாற்றிப் பூட்டியிருந்தால், அது கால்வைக்கும் கம்பியிலோ கவரிலோ முட்டி, முழுத் தூரம் போகாமல் நிற்கும். மிதியை இறுக்கும் போல்ட் தளர்ந்து உள்பற்கள் வழித்திருந்தாலும் இதே குறிதான். பழைய ஒயிலில் ஊறி அழுக்குப் பிடித்த கியர் மிதியைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். முட்டும் இடம் இருந்தால் அங்கே உலோகம் பளிச்சென்று மின்னும்.

24.01.2024

முட்டவில்லை, தளரவும் இல்லை.

26.01.2024

கிண்ணியாவிலிருந்து ஒருவர் தம் ஹொண்டா எம்டி 90 பற்றிக் கேட்டிருக்கிறார். அதில் கிளட்ச் பிடியே இல்லையே, இந்தச் சோதனைகள் எப்படிப் பொருந்தும் என்கிறார். நல்ல கேள்வி.

ஜப்பானில் தபால்காரர்கள் ஓடிய அந்தச் சிவப்பு வண்டியில், மிதியை அழுத்தும் செயலே முதலில் கிளட்ச்சை விடுவித்து, பிறகு கியரை மாற்றுகிறது. ஆகவே அங்கே கேபிள் செய்யும் வேலையை வலப்பக்கக் கவரின் நடுவிலுள்ள ஓர் ஒழுங்குபடுத்தும் ஸ்கூரு செய்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டுப் பூட்டு நட்டைத் தளர்த்துங்கள். ஸ்கூருவை வலஞ்சுழியாக ஒரு சுற்றுத் திருப்பி, பிறகு மெதுவாக இடஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே வாருங்கள். மெல்லிய தடை ஒன்று விரலுக்குத் தெரியும். அந்த இடத்திலிருந்து எட்டிலொரு சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி, ஸ்கூரு அசையாமல் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குங்கள். தடை தெரியாமல் பலவந்தமாகத் திருப்பியவர்களின் வண்டிகளைத்தான் கியர் முடிந்துவிட்டது என்று கராஜுக்கு உருட்டி வருகிறார்கள்.

28.01.2024

இன்று தொலைபேசியில் பேசியபோதுதான் தம்பி ஒரு விடயத்தைச் சொன்னார். வண்டி கொட்டிலில் கிடந்தது என்று அவர் எழுதியிருந்தார். அதற்கு முன்னால், 2004 டிசம்பர் 26 அன்று, அது கடல் நீருக்குள் முழுவதுமாக மூழ்கியிருந்தது. மாமா மறுவாரம் ஒயிலை இரண்டு தடவை மாற்றிக் கழுவி ஓட்டியிருக்கிறார். ஓடியது என்பதால் அதை யாரும் பிறகு பேசவில்லை. அந்த வீட்டில் அன்றைய நாளைப் பற்றிப் பேசுவதே இல்லை என்றும் சொன்னார். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

ஆனால் வண்டியைப் பொறுத்தவரை இது எல்லாவற்றையும் மாற்றுகிறது. ஒயிலுக்குள் எப்போதும் முழுகியிருக்கும் பாகங்களை உப்பு நீர் அவ்வளவாகத் தின்னாது. ஒயில் மட்டத்துக்கு மேலே நின்று, தெறிக்கும் ஒயிலை மட்டும் நம்பியிருக்கும் பாகங்கள், வண்டி நீண்டகாலம் நிற்கும்போது துருப்பிடிக்கும். அத்துடன் கிளட்ச் பிளேட்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாளே வண்டியின் சரித்திரத்தைக் கேட்டிருக்க வேண்டும். இனி யார் கேட்டாலும் என் முதற் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

04.02.2024

இன்று ஞாயிறு. என் வண்டியிலேயே சாம்பல்தீவுக்குப் போனேன். எழுத்தில் எவ்வளவு கேட்டாலும் மிதியைக் காலால் உணர்வதற்கு ஈடில்லை.

மாமரத்தின் கீழ் நடு ஸ்டாண்டில் நின்றது. பச்சை நியூட்ரல் விளக்கு எரிந்தது. நான் முதலில் ஸ்டார்ட் செய்யவில்லை. மிதியை ஒவ்வொரு பக்கமாக அழுத்திவிட்டு, காலை எடுத்து, அது தானாக நடுவுக்குத் திரும்புகிறதா என்று பார்த்தேன். ஒரு பக்கம் துள்ளித் திரும்பியது. மறுபக்கம் சோம்பலாக வந்து, நடுவுக்குச் சற்று முன்னாலேயே நின்றது. மகளின் பாடசாலை அளவுகோலைத் தம்பி கொண்டுவந்தார். அதை எஞ்சினில் சாய்த்து வைத்து, மிதியின் முன்நுனி நடுநிலையிலிருந்து ஒவ்வொரு பக்கமும் எவ்வளவு போகிறது என்று அளந்தோம். குறைக்கும் திசையில் 24 மில்லிமீற்றர், கூட்டும் திசையில் 15.

அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் இவ்வளவு நாள் அலைந்திருக்கிறோம். நடு நகர்ந்துவிட்டது. கூட்டும் திசையில் கொக்கி உருளையை ஒரு முழுப் படி திருப்புமுன்னரே பயணம் முடிந்துவிடுகிறது. உருள்சில்லு குழிக்குள் விழாமல் மேட்டில் நிற்கிறது. கியர் இரண்டுக்கும் நடுவில் எஞ்சின் அலறுகிறது.

மீள்ஸ்பிரிங்கின் இரண்டு கால்களும் எஞ்சினில் திருகியிருக்கும் ஒரு பின்னை (சிறு ஆணியை) இருபுறமும் அணைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பின்தான் நடு எது என்று தண்டுக்குச் சொல்வது. அது தளர்ந்திருக்கிறது அல்லது ஸ்பிரிங்கின் ஒரு கால் வளைந்திருக்கிறது. கவரைக் கழற்றலாம் என்று அப்போதுதான் நானே சொன்னேன்.

05.02.2024

கவரைக் கழற்றுமுன் ஒன்று. பழைய ஹொண்டாக்களின் கவர் ஸ்கூருகளின் வாய் கூட்டல் குறிபோல இருந்தாலும், அது கடைகளில் கிடைக்கும் சாதாரண நட்சத்திர ட்ரைவருக்கு வெட்டியதல்ல. ஜப்பானிய அளவின் வாய் அது. சாதாரண ட்ரைவர் அடிவரை இறங்காமல் வழுக்கி வெளியே ஏறி, வாயைத் தின்றுவிடும். ஜப்பானிய அளவு முனை கிடைக்காவிட்டால் சாதாரண முனையின் நுனியைச் சற்றே அரைத்துத் தட்டையாக்கினால் உள்ளே உட்காரும். சுத்தியலால் அடித்தால் திரும்பும் ட்ரைவர் ஒன்றை இரவல் வாங்குங்கள். முதல் நாள் இரவே ஒவ்வொரு ஸ்கூருவுக்கும் இரண்டு சொட்டு ஊடுருவும் ஒயில் விடுங்கள். எந்த ஸ்கூரு எந்த ஓட்டையில் இருந்தது என்பதைக் காட்போட் அட்டையில் கவரின் உருவத்தை வரைந்து அதிலேயே குத்தி வையுங்கள், நீளம் வேறுபடும்.

11.02.2024

இன்று திறந்தோம். காலை எட்டு மணிக்குத் தொடங்கி, பிற்பகல் மூன்றுக்கு முடிந்தது.

ஒயில் கறுப்பாக வந்தது. பால்நிறம் இல்லை, ஆகவே இப்போது உள்ளே தண்ணீர் இல்லை. கிராங்க் முனையில் ஒயிலின் அழுக்கைப் பிடிக்கும் சுழல் வடிகட்டிக்குள் விரல் தடிப்பில் கரும்பசை உறைந்திருந்தது. கிளட்ச் இரும்புப் பிளேட்டுகளில் ஒன்றின் ஓரத்தில் பிறைவடிவமாகத் துருத் தழும்பு. அவற்றை ஒவ்வொன்றாகத் தடித்த கண்ணாடித் துண்டின்மேல் வைத்துத் தடிப்பளவியால் பார்த்தோம். இந்தப் பிளேட்டுகளுக்கு 0.2 மில்லிமீற்றருக்கு மேல் வளைவு இருக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் தாண்டியது.

கிளட்ச் கூடையை எடுத்த பிறகு அதன் பின்னாலிருந்த தெரிவுப் பொறி வெளிச்சத்துக்கு வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியே விரலை நீட்டி மீள்ஸ்பிரிங்கின் பின்னைத் தொட்டார். அது விரலோடு சுழன்றது. ஒன்றரைச் சுற்று வெளியே வந்திருந்தது. தலை வெளியே வந்ததால் சாய்ந்து நின்று, ஸ்பிரிங்கின் ஒரு கால் அதன்மேல் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்தில் நகம்போன்ற பள்ளம் விழுத்தியிருந்தது. பின்னின் பூட்டு வாசரை யாரோ ஒரு காலத்தில் மடிக்காமலே விட்டிருக்கிறார்கள். அதன் காது இன்னும் நேராகவே நின்றது.

அடுத்தது உருள்சில்லு. உருளையின் குழிகளில் விழுந்து உருள வேண்டியது, தன் ஆணியிலேயே துருவேறி இறுகி, உருளாமல் சறுக்கிக்கொண்டிருந்திருக்கிறது; ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தது. இதுதான் கடல் செய்த வேலை என்று நினைக்கிறேன். ஒயில் மட்டத்துக்கு மேலே, மூலையில் இருக்கும் பாகம் அது.

மத்திய வீதியிலும் வடகரை வீதியிலும் உதிரிப்பாகக் கடைகளில் கேட்டோம். புதியது இல்லை. பழைய எஞ்சின் ஒன்றிலிருந்து எடுத்த உருள்சில்லுக் கையும் ஸ்பிரிங்கும் கிடைத்தன. பின்னைத் தம்பி ஒரு லேத் வேலைத்தளத்தில் புதிதாகக் கடைவித்தார்.

17.02.2024

பூட்டியாயிற்று. பின்னின் மரையைப் பெற்றோலால் கழுவி உலர்த்தி, மரைப்பசை இட்டு இறுக்கி, புதிய பூட்டு வாசரின் காதை மடித்தோம். மிதித் தண்டின் இடப்பக்கத்து ஒயில் சீல் ஒன்றையும் மாற்றினோம். ஒயில் 10டபிள்யூ-40, டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று பொறித்தது; ஒயிலுக்குள் முழுகிய கிளட்ச்சுக்குப் பொருந்தும் என்பதற்கான ஜப்பானியத் தரக்குறி அது. எரிபொருள் சிக்கனம் என்று விளம்பரம் செய்யும் கார் ஒயிலை இந்த வண்டிகளுக்கு விடக்கூடாது. அதில் சேர்க்கப்படும் வழுக்குப் பொருள் ஒயிலுக்குள் முழுகிய கிளட்ச்சை வழுக்கவைக்கும்.

மிதி இப்போது இரண்டு பக்கமும் 19 மில்லிமீற்றர். நிலாவெளி வரை ஓட்டினோம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது, ஒவ்வொன்றும் ஒரு சிறிய ‘டக்’ உடன் உட்காருகின்றன.

07.03.2024

நாளை சிவராத்திரி. கூட்டம் கூடுமுன் கோணேசர் கோயிலுக்குப் போகலாம் என்று தம்பி விடியற்காலையில் வந்தார். கோட்டை வாசலைத் தாண்டி, மான்கள் வீதியில் படுத்திருக்கும் அந்த ஏற்றத்தை இரண்டாம் கியரிலேயே ஏறினோம். ஒரு குறையும் இல்லை.

இறங்கும்போது குறை தெரிந்தது. திறொட்டிலை மூடிவிட்டு எஞ்சின் பிடிப்பிலேயே இறங்கிக்கொண்டிருந்தபோது இரண்டாம் கியர் தானாகக் கழன்று விழுந்தது. வண்டி விடுபட்டு ஓடத் தொடங்கியது, பிரேக் பிடித்தோம். மேலே போய்த் திரும்ப இறங்கினோம், திரும்பவும் அதே. மூன்றாவதில் இறங்கினால் கழலவில்லை.

ஏறும்போது நிற்கிறது, இறங்கும்போது கழலுகிறது. இதற்கு ஒரே விளக்கம்தான் எனக்குத் தெரிகிறது. திறொட்டில் திறந்திருக்கும்போது விலாப் பற்களின் ஒரு முகம் சுமையைத் தாங்குகிறது. மூடி இறங்கும்போது சில்லு எஞ்சினை இழுப்பதால் மறுமுகம் தாங்குகிறது. அந்த மறுமுகத்தின் விளிம்பு வட்டமாகத் தேய்ந்திருந்தால், சுமை ஏறும்போது சக்கரங்கள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளிவிடும். உருள்சில்லு மாற்றியாயிற்று, நடு சரி, கழலுவது ஒரே ஒரு கியர். பழி இந்த முறை இரண்டாவதின் சக்கரத்தின்மேல், அல்லது அதன் கவையின்மேல்.

10.03.2024

முதல் நாள் நான் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். அந்தக் கராஜ்காரர்கள் கியர்ப்பெட்டி முடிந்துவிட்டது என்றதை நான் முற்றாகத் தள்ளியிருந்தேன். அவர்கள் சோதிக்காமல் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் சொன்னதில் ஒரு பங்கு சரியாகவும் இருந்திருக்கிறது. தம்பியிடம் இதைச் சொல்லிவிட்டேன், இங்கேயும் எழுதுகிறேன்.

எனினும் ஜனவரியிலேயே பிரித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் யோசித்தேன். சக்கரத்தை மாற்றிப் பூட்டியிருப்பார்கள். மீள்ஸ்பிரிங்கின் பின் ஒன்றரைச் சுற்றுத் தளர்ந்தபடியே மீண்டும் கவருக்குள் போயிருக்கலாம். கேபிள் 40 மில்லிமீற்றர் தளர்வோடு தொங்கியிருக்கும். புதிய விலாப் பற்களும் அரைகுறையாகக் கொளுவி ஒரு மழைக்காலத்துக்குள் வட்டமாகியிருக்கும். பற்கள் தேய்ந்ததற்கே காரணம் அந்தப் பின்தான் என்பது என் எண்ணம். பாதிக் கொளுவலில் பல வருடங்கள் ஓடினால் விளிம்புதான் முதலில் போகும்.

மாமா 90களில் இந்த வண்டியை யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் ஓட்டினார் என்றும் தம்பி இப்போது சொல்கிறார். பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் ஸ்டார்ட் செய்ய மட்டும் சில சொட்டுப் பெற்றோல் விட்டு, மீதியை மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். இந்த எஞ்சினில் கியர்ப்பெட்டிக்கும் அதே ஒயில்தான். அதுவும் தன் பங்கைச் செய்திருக்கும்.

12.03.2024

தம்பி கேட்கிறார்: உடனே பிரிக்கவா, ஓட்டவா?

இறக்கத்தில் தானாகக் கழலும் கியரோடு, பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு ஓடக்கூடாது. தட்டையான நிலாவெளி வீதியில் தனியே, இரண்டாவதில் திறொட்டிலைத் திடீரென மூடாமல் ஓடலாம். ஆனால் வட்டமான பல் ஒவ்வொரு தடவை கழலும்போதும் கவையின் நுனியை அடித்து வளைக்கிறது. இன்று ஒரு சக்கரத்தோடு முடியும் செலவு, தள்ளிப்போட்டால் கவையும் உருளையுமாகக் கூடும். ஆகவே பாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரியுங்கள் என்றேன். பழைய எஞ்சினிலிருந்து இரண்டாவதின் சக்கரத்தை எடுக்கும்போது அதோடு கொளுவும் சக்கரத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். தேய்ந்த முகத்தோடு புதிய முகம் நிற்காது.

24.03.2024

சென்ற வாரம் பிரித்தார்கள். வேறொரு கராஜ், தம்பி முழு நாளும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். மாலையில் சக்கரத்தை ஒரு பழைய வேட்டித் துண்டில் சுற்றி என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

மேசை விளக்கின் கீழ் வைத்துத் திருப்பிப் பார்த்தோம். விலாப் பற்களின் ஒரு முகம் விரல் நகம் தடைப்படும் கூர்மையோடு இருந்தது. மறுமுகத்தின் விளிம்பு பனங்கற்கண்டை நாவில் வைத்து எடுத்ததுபோல மழுங்கி மினுங்கியது. கவையின் ஒரு நுனியில் மட்டும் சூட்டில் வந்த நீல நிறம். வளைவு இல்லை, தடிப்பும் மற்ற நுனியோடு ஒத்திருந்தது. ஆகவே கவையை மாற்ற வேண்டாம் என்று கராஜில் சொன்னார்களாம். நானும் சரி என்றேன். ஆனால் நீலம் ஏறிய இடம் எனக்கு இன்னும் உறுத்துகிறது, பழைய எஞ்சினில் நல்ல கவை இருக்கும்போது அதையும் போட்டுவிடுங்கள் என்று அன்றிரவு திரும்ப அழைத்துச் சொன்னேன்.

போட்டுவிட்டார்கள். இன்று காலை ஏழு மணிக்குத் தம்பி கோணேசர் மலையிலிருந்து அழைத்தார். மூன்று தடவை இரண்டாவதில் திறொட்டிலை மூடி இறங்கியிருக்கிறார். கழலவில்லையாம். மாமா பின்னால் இருந்தாராம்.